இல்லத்து ஓவியம்: இளையராஜாவின் உருவப் படங்கள் பற்றிய ஒரு திறனாய்வு

ஓவியத்தைப் பொதுவிடத்தே நின்று காண்பது ஒரு முறை. இல்லத்தே இருந்து காண்பது மற்றொரு முறை. இவ்வேறுபாட்டைப் பண்டைப் புலவர் நன்கு உணர்ந்திருந்தனர். பரிபாடலின் 19ஆம் பாடலில் நப்பண்ணனார் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைக் கூறுகின்றார். அங்குச் செல்வோர் சுவரிலுள்ள உருவங்களைச் சுட்டி இவர் யாவர் என வினவுகின்றனர். இரதி என்றும் காமன் என்றும், பூனை வடிவுற்ற இந்திரன் என்றும், அகலிகை என்றும் உடன் வந்தோர் விடை பகர்கின்றனர். பெயர் அறிதலே அங்குக் காட்சியின் பயன்.

நக்கீரரின் நெடுநல்வாடையில் நிலை வேறு. பாண்டிமாதேவியின் கட்டிலுக்கு மேலே மெழுகு பூசிய துணி விரிக்கப்பட்டுள்ளது. அதில் மேடம் முதலிய இராசிகளும், திங்களைப் பிரியாத உரோகிணியும் எழுதப்பட்டுள்ளன. அரசி அவ்வுரோகிணியை நோக்கித் தனக்கு அப்பேறு வாய்க்காமையை எண்ணி நெடிது உயிர்க்கின்றாள். உருவத்தின் பெயரை அவளுக்கு எவரும் கூறவேண்டுவதில்லை. அவ்வுருவம் அவளது வாழ்வோடு உறவு கொண்டுவிட்டது. உடன் வாழ்வார் உள்ளத்தோடு இவ்வாறு உறவு கொள்வதே இல்லத்து ஓவியத்தின் இலக்கணம் என யாம் கொள்கின்றோம்.

இவ்விலக்கணத்தை இக்காலத்து உருவ ஓவியத்திற்குப் பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். பொருத்திக் காண்பதற்குரிய இல்லமாகக் குண்டடத்து இல்லம் ஒன்றைக் கருதுவோம். பல்லடத்திற்கும் தாராபுரத்திற்கும் இடையே வானம் பார்த்த நிலத்தில் அமைந்தது அவ்வூர். அப்பகுதியின் வாழ்வில் ஆட்டுப்பட்டியும் வேளாண்மையும் ஒருபுறம் நிற்க, விசைத்தறியும் பனியன் கம்பெனியும் மறுபுறம் நிற்கின்றன. புதிதாக எழும் வீடுகளில் திண்ணை மறைந்து கூடம் விரிகின்றது. அக்கூடத்தின் வெறுஞ்சுவரில் எப்படத்தை மாட்டுவது என்னும் வினா இன்று பல இல்லங்களில் எழுகின்றது.

சென்ற தலைமுறையினருக்கு இவ்வினாவிற்கு விடை எளிதாக இருந்தது. இரவிவர்மா (1848–1906) 1894இல் பம்பாயில் நிறுவிய அச்சகம் புராண உருவங்களை எளியோர் வீட்டிற்கும் கொண்டு சேர்த்தது. பின்னர்க் கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு (1898–1976) போன்றோரின் தெய்வ உருவங்கள் நாட்காட்டி வழியே தமிழகச் சுவர்களை நிறைத்தன. இவை பரங்குன்றத்து மரபின. பெயரறிந்து காண்பதற்கும் கைகூப்பி வணங்குவதற்கும் உரியன. கணவன் வரவை நோக்கி மகவுடன் நிற்கும் தாயை இரவிவர்மா 1893இல் தீட்டினார். அதன்கண் இல்லத்து ஓவியத்தின் கூறு உண்டு. எனினும் மக்கள் மிகுதியாக ஏற்றவர் தமயந்தியும் சகுந்தலையுமே. அவர் பெரும்பாலும் வெளிர்நிறத்தராகவே தீட்டப்பட்டனர்.

இந்நிலையில் ஓவியர் எஸ். இளையராஜாவின் எண்ணெய் வண்ணப் படங்கள் கருதத்தக்கன. கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் 1979இல் பிறந்த இவர், 2021 சூன் திங்களில் கொரோனா நோயால் மறைந்தார். இவர்தம் உருவங்களுக்குப் பெயரில்லை. கதவோரத்தும் மரத்தூண் அருகும் அமர்ந்திருக்கும் கருநிறத் தமிழ்ப் பெண்கள் அவர்கள். எவ்விதிகாசமும் அவர்களுக்குத் துணை நிற்கவில்லை. எனவே காண்பவர், இவள் யார் என வினவிப் பெயரோடு அமைதல் இயலாது. இவள் என்ன நினைக்கின்றாள் என வினவும்படி நேர்கின்றது.

இப்படங்களைக் காண்போர் 'புகைப்படம் போன்றது' எனப் புகழ்வது வழக்கம். இப்புகழுரை பொருந்தாது என்பது எம் கருத்து. புகைப்படம் போன்றிருப்பதே சிறப்பாயின், புகைப்படமே போதுமன்றோ! இவர்தம் சிறப்பு ஒளியைத் தெரிந்து அமைப்பதில் உள்ளது. ஒருபுறத்திலிருந்து வரும் ஒளி நெற்றியையும் கன்னத்தையும் தொட்டு, ஏனையவற்றை நிழலில் விடுகின்றது. ஆளிவிதை எண்ணெய் நீர்போல் ஆவியாகி உலர்வதன்று. காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்று மெல்ல இறுகுவது. அதனால் ஓவியன் வண்ணங்களை ஒன்றோடொன்று இழையவிடவும், மெல்லிய பூச்சுகளை அடுக்கவும் காலம் பெறுகின்றான். கருமேனியில் செம்மையும் நீலமும் பொன்மையும் கலந்திருத்தலை இவ்வடுக்குகளே புலப்படுத்துகின்றன. மலிவான அச்சில் இந்நிழல்கள் ஒன்றாகி மங்கிவிடும். ஆதலின் அச்சுப்படியையோ கைப்பேசித் திரையையோ மட்டும் கண்டு இத்தகைய படத்தைத் தேர்தல் பொருத்தமன்று.

இனி, இவர் படங்களின்மேல் எழும் தடையொன்றையும் ஆராய்தல் வேண்டும். இவற்றில் உள்ள பெண்கள் பெரும்பாலும் ஓய்ந்திருக்கின்றனர். சூழலோ மறைந்துவரும் பழைய வீட்டினது. திண்ணையை இடித்தவன் திண்ணையின் படத்தை வாங்கி மாட்டுகின்றான் என ஒருவர் நகையாடலாம். விடியலில் கம்பெனிப் பேருந்தேறி, ஷிப்ட் முடித்து இரவில் மீளும் பெண் வாழும் வீட்டில், வேலையின்றி அமர்ந்திருக்கும் பெண்ணின் படம் யாதினைக் கூறும்? அவளது உழைப்பை மறைக்கும் திரையாக அது அமையலாம். அவளுக்குக் கிடைக்காத ஓய்வை நினைவூட்டும் உரோகிணியாகவும் அமையலாம். இவ்விரண்டனுள் எது நிகழும் என்பதை ஓவியம் மட்டும் முடிவு செய்வதில்லை. யார் தேர்ந்தெடுத்தார் என்பதும் முடிவு செய்கின்றது. வருவார் வியத்தற்பொருட்டு வீட்டுத் தலைவன் வாங்கிய படம் பரங்குன்றத்துச் சுவராகவே நின்றுவிடும். நாள்தோறும் அதன்முன் வாழும் பெண் தானே தேர்ந்ததாயின் அது நெடுநல்வாடையின் விதானமாகும். ஆதலின் தேர்வுரிமை அவளுக்கு உரியதாதல் வேண்டும் என்பது எம் துணிபு.

தேர்வார்க்கு வேண்டுவன சில. மூலப்படத்தைப் பகலொளியில் நேரிற் காண்க. அருகில் நின்றும் அறைநீளம் விலகியும் நோக்குக. உருவம் காண்பவரை மயக்க முயல்கின்றதா, தன் எண்ணத்தில் தான் ஆழ்ந்திருக்கின்றதா என ஆய்க. பின்னதே நெடுங்காலம் உடனுறையத் தக்கது. விளக்கின் புகைபடும் இடத்தும் மேல்வெயில் நேரே தாக்கும் சுவரிலும் மாட்டுதல் தகாது. முழுதும் இருளில் வைப்பினும் ஆளி எண்ணெய் மஞ்சளிக்கும்.

எண்ணெய் வண்ணத்தைத் தாங்கும் கித்தான் பாவும் ஊடையுமாக நெய்த துணியே என்பதைக் கொங்குநாட்டார்க்கு விளக்க வேண்டுவதில்லை. கண்ணி கண்ணியாகப் பின்னிய பனியன் துணி இழுத்த இழுப்புக்கு நெகிழும். அதன்மேல் இறுகிய வண்ணம் வெடிக்கும். நெய்த துணியோ சட்டத்தில் விறைத்து நின்று வண்ணத்தைத் தாங்கும். அத்துணியின்மேல் தமிழ்ப்பெண்ணின் கருநிறத்திற்குப் பெருமை தேடித் தந்தவர் இளையராஜா. அவர் பெரிதும் தீட்டியது அவளது ஓய்வு. அவளது உழைப்பு அடுத்துவரும் ஓவியர்க்குரிய பொருளாகக் காத்திருக்கின்றது. ஓவர்லாக் எந்திரத்தின் முன் ஒருகணம் கையை நிறுத்தி நிமிர்ந்த பெண்ணின் முகம், அதே ஒளியோடும் அதே உள்ளத்தோடும் எழுதப்பெற்று, குண்டடத்துக் கூடமொன்றில் இடம்பெறுமாயின், இல்லத்து ஓவியத்தின் இலக்கணம் அங்கு முற்றும் பொருந்தும்.