ஈடிபஸ், ஈசாக்கு, அரவான்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களில் திரௌபதியம்மன் விழாவின்போது விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். அதில் ‘அரவான் களபலி’ மறக்க முடியாத இரவு. பாண்டவர் வெல்ல வேண்டுமானால் முப்பத்திரண்டு இலட்சணமும் பொருந்திய ஒருவனைக் காளிக்குப் பலியிட வேண்டும். அருச்சுனன் மகன் அரவான் அதற்கு இசைகிறான். நாம் கண்கலங்குகிறோம். ஆனால், இக்கதை மனித மனத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்பதில்லை.

இது வீண் கேள்வியன்று. உளவியலின் ஒரு பெரும் கிளை, பழங்கதை ஒன்றைத் துணைக்கொண்டே வளர்ந்தது. வியன்னா மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்டு, 1897-இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் கிரேக்க மன்னன் ஈடிபசைக் குறிப்பிட்டார். அறியாமல் தந்தையைக் கொன்று தாயை மணந்தவன் ஈடிபஸ். ஆண் குழந்தை தாயின் அன்பைத் தனக்கே விரும்பித் தந்தையைப் போட்டியாளராகக் கருதுகிறது. தண்டனைக்கு அஞ்சி அந்த ஆசையை அடக்குகிறது. அவ்வாறு அடங்குவதிலிருந்தே மனச்சான்று உருவாகிறது என்பது ஃபிராய்டின் கொள்கை.

கதையின் தொடக்கத்தைச் சற்றுப் பாருங்கள். மகனால் தனக்குச் சாவு என்று குறி கேட்டு, பச்சிளங்குழந்தையின் கால்களைத் துளைத்து மலையில் விட்டுவிடச் செய்தவன் தந்தை லாயஸ். முதல் குற்றம் தந்தையுடையது. கொள்கையிலோ அது பின்னுக்குப் போய், குழந்தையின் ஆசையே முன்னுக்கு வந்துவிட்டது.

ஃபிராய்டு யூதர், யூத மறைநூலை இளமையிலேயே படித்தவர். அந்நூலில் ஆபிரகாம் கடவுளின் கட்டளைப்படி மகன் ஈசாக்கைப் பலியிடக் கத்தியை எடுக்கிறார். கடைசி நொடியில் தடுக்கப்படுகிறார். மகனுக்குப் பதில் ஆட்டுக்கடா பலியாகிறது. மனநல மருத்துவர் எரிக் வெல்லிஷ் 1954-இல் ‘ஈசாக்கும் ஈடிபசும்’ என்ற நூலை எழுதினார். கிரேக்கக் கதை அழிவில் முடிகிறது, யூதக் கதையிலோ தந்தையின் கை தாழ்ந்து இருவரும் மீள்கின்றனர், ஆகவே அதில் தீர்வும் உண்டு என்பது அவர் வாதம். பார்வையைத் தந்தையின் பக்கம் திருப்பியது அவர் செய்த நன்மை.

நம் நாட்டுக் கதைகளை ஆராய்ந்த ஏ. கே. இராமானுசனும், இங்கே பெரும்பாலும் மகன் தந்தையைத் தாக்குவதில்லை, தந்தைக்காக மகனே இழக்கிறான் என்று காட்டினார். யயாதிக்கு இளமையைக் கொடுத்த பூருவையும், தந்தையின் திருமணத்துக்காக அரசைத் துறந்த பீஷ்மரையும் நினைத்துப் பாருங்கள். அரவானும் அந்த வரிசையில் வருபவனே.

இனி மூன்று மகன்களையும் ஒன்றாக நிறுத்துவோம். மலையில் விடப்பட்ட ஈடிபசுக்குப் பேசும் வயதில்லை. பலிக்குச் செல்லும் வழியில் ஈசாக்கு, ஆடு எங்கே என்று ஒரே ஒரு கேள்வி கேட்கிறான். அரவானோ வரம் கேட்கிறான்: மணம் முடிக்க வேண்டும், போரைக் காண வேண்டும். கூவாகத்தில் சித்திரை மாதம் திருநங்கையர் தாலி கட்டி, மறுநாள் அறுத்து அழுவது அந்த மணத்தின் நினைவாகவே. மூவரில் அதிகம் பேசியவன் அரவான்; பலியானவனும் அவனே. பிள்ளை ‘சரி’ என்று சொல்லிவிட்டால் பெரியவர்களின் பொறுப்பு தீர்ந்துவிடுமா? தான் விரும்பாத படிப்பை அப்பாவுக்காக ஏற்கும் மாணவன் சொல்லும் ‘சரி’க்கும் இதே கேள்வி பொருந்தும்.

அப்படியானால் அரவான் கதையை உளவியலின் அடிப்படையாக்கலாமா? கூடாது. முடிவை முதலில் வைத்துக்கொண்டால், அதற்கேற்ற கதை எந்த நாட்டிலும் கிடைக்கும். கதை சான்றாகாது. கொள்கையை மக்களிடையே சோதிக்க வேண்டும். மானிடவியலர் மாலினோவ்ஸ்கி அதற்கு ஒரு வழி காட்டினார். டிரோபிரியாண்ட் தீவுகளில் மரபு தாய்வழியானது. பிள்ளைகள்மீது அதிகாரம் தாய்மாமனுக்கு. அங்கே மகனின் உள்ளடங்கிய பகை தந்தைமேல் இல்லை, மாமன்மேல் இருக்கிறது என்று 1927-இல் வெளியான நூலில் எழுதினார். அம்முடிவையும் பின்வந்தோர் மறுத்து வாதிட்டனர். அறிவியல் வளர்வது இப்படித்தான்.

கதையிடமிருந்து கேள்வியைப் பெறுவோம். விடையை மனிதரிடம் தேடுவோம். அடுத்த முறை களபலிக் கூத்தைக் காணும்போது, அரவானை மட்டும் பார்க்காதீர்கள். அவனைச் சுற்றி நிற்கும் பெரியவர்களின் முகங்களையும் பாருங்கள்.