சினிமா பாயும் பேராவூரணி பாயும்

தமிழ் சினிமாவில் ஒரு முஸ்லிம் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ரொம்ப சுலபம். தலையில் குல்லா, கண்ணில் சுர்மா, கழுத்தில் தாயத்து. பழைய படம் என்றால் ‘நம்பள்கி, நிம்பள்கி’ என்று தமிழைக் கடித்துத் துப்புவார். புதுப் படம் என்றால் கையில் ரிமோட் இருக்கும். அமுக்கினால் வெடிக்கும். நடுவில் ஒரு நல்ல பாயும் உண்டு. ஹீரோவுக்காக உயிரை விடுவது அவர் வேலை!

ஒரு நடை பேராவூரணிக்கு வாருங்கள். அங்கிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கினால் மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம். இந்த வட்டாரத்து முஸ்லிம் வீடுகளில் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். அம்மாவுக்கு உம்மா, அப்பாவுக்கு அத்தா அல்லது வாப்பா. மற்றதெல்லாம் அசல் தஞ்சாவூர் ஜில்லா தமிழ். சினிமா வசனம் ‘நமாஸ்’ என்கிறது. இவர்கள் ‘தொழுகை’ என்கிறார்கள். சினிமாவுக்கு ‘மசூதி’, இவர்களுக்குப் ‘பள்ளிவாசல்’. சினிமாவுக்கு ‘ரம்ஜான்’, இவர்களுக்கு ‘நோன்புப் பெருநாள்’. இப்போது சொல்லுங்கள், யார் தமிழ் பேசுகிறார்கள்? ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வீட்டில் உருது பேசுகிறவர்கள் உண்டு. அவர்களும் நம்மூர்க்காரர்கள்தான், விருந்தாளிகள் இல்லை.

இது நேற்று வந்த தமிழும் அல்ல. ‘ஆயிர மசலா’ என்ற இஸ்லாமியத் தமிழ் நூல் வந்தது 1572-ல். உமறுப் புலவரின் சீறாப்புராணம் நபிகள் நாயகத்தின் வரலாற்றை ஐயாயிரம் பாட்டுக்கு மேல் பாடுகிறது. நாகூர் தர்காவில் 131 அடி உயரத்துக்கு நிற்கிற பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங்.

‘சினிமாதானே சார், விட்டுத் தள்ளுங்க’ என்பீர்கள். விட முடியவில்லை. 2012-ல் ‘துப்பாக்கி’ வந்தது. விறுவிறுப்பான படம்தான். எதிர்ப்பு கிளம்பியதும் சில காட்சிகளை வெட்டினார்கள். ஆனால், ‘ஸ்லீப்பர் செல்’ என்ற வார்த்தையை யாராலும் வெட்ட முடியவில்லை. அது தியேட்டரை விட்டு இறங்கி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. சத்தம் போட்டால் தீவிரவாதி; சும்மா இருந்தால் ஸ்லீப்பர் செல். ஒரு மனுஷன் வேறு எப்படித்தான் இருப்பது?

‘கோவையில் 1998-ல் குண்டு வெடிக்கவில்லையா?’ வெடித்தது. 58 பேர் செத்துப்போனார்கள். செய்தவர்களைக் கோர்ட் தண்டித்தது. பேராவூரணியில் கடை வைத்திருப்பவர் அதற்கு ஏன் பங்கு கட்ட வேண்டும்? நான் பி.காம். படித்தவன். ஒருத்தர் பாக்கியை இன்னொருத்தர் பேரேட்டில் எழுதினால் அதற்குப் பெயர் கணக்கு இல்லை, மோசடி.

அந்தப் பொய்ப் பாக்கியைக் கட்டுவது யார் தெரியுமா? பேராவூரணியிலிருந்து ஒரு பையன் சென்னைக்கு வேலைக்கு வருகிறான் என்று வையுங்கள். போனில் வீடு விசாரிக்கிறான். பேச்சு, வாடகை, அட்வான்ஸ் எல்லாம் ஓகே. ‘தம்பி பேரு?’ சொல்கிறான். ‘அடடா, நாங்க வெஜிடேரியனுக்குத்தான் விடுறது’ என்று பதில் வருகிறது. அதே வீட்டு மாடியில் அப்போது மீன் குழம்பு கொதித்துக் கொண்டிருக்கும்!

படத்தைத் தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. தடை போட்டால் சந்தேகம் கூடுமே தவிரக் குறையாது. படம் எடுப்பவர்களிடம் கேட்பது சின்ன விஷயம்தான். ஒரு பாய், 2018 கஜா புயலில் சாய்ந்த தோப்பில் மறுபடி தென்னம்பிள்ளை வைக்கட்டும். பேங்க் லோனுக்கு அலையட்டும். மகளின் டென்த் மார்க்குக்குக் கவலைப்படட்டும். கதையில் எந்தக் காரணமும் இல்லாமல், அவர் பெயர் அப்துல் காதர் என்று இருந்துவிட்டுப் போகட்டும்.