எம்பெக்கேயில் கூரையைப் பாருங்கள்

கண்டிக்குத் தென்மேற்கே, உடுநுவரவில் உள்ள எம்பெக்கே தேவாலயத்துக்குப் போகிறவர்கள் தூண்களைத்தான் பார்க்கிறார்கள். அன்னம், இரட்டைத்தலைக் கழுகு, மல்லர், ஆடும் பெண், பாலூட்டும் தாய் என்று 500க்கும் மேற்பட்ட மரச்செதுக்கல்கள். 14ஆம் நூற்றாண்டில், கம்பளையிலிருந்து ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகு காலத்தில் கதிர்காமக் கடவுளுக்கு எழுந்த கோயில் இது.

எனக்குப் பிடித்தது மேள மண்டபத்தின் கூரை. சரிந்து வரும் 26 கைமரங்கள் ஓரிடத்தில் கூடுகின்றன. அத்தனையையும் ஒரே மரமுளை பிடித்து நிற்கிறது. அந்த முளையை 'மடோல் குருபாவ' என்பார்கள். செதுக்கல் பிசகினால் அழகு குறையும். பொருத்து பிசகினால் கூரையே இறங்கிவிடும்.

இன்றைய பட்டறையில், பலகைகளைப் பொருத்தும் காடியை மேசை வாளில் வெட்ட டேடோ தொகுதி இருக்கிறது. வெளிப்புறம் இரண்டு வட்ட வாள்கள், நடுவே மரத்தைச் சீவியெடுக்கும் தகடுகள், அகலத்தை மயிரிழையில் திருத்த மெல்லிய இடைத்தகடுகள். வாங்குமுன் மேசை வாளின் அச்சு அதை ஏற்கும் நீளமுள்ளதா என்று பார்க்கவேண்டும். பல வாள்களில் அது போதாது. பிறகு ஒரு துண்டுப் பலகையில் வெட்டிப் பார்க்கவேண்டும். காடியின் அடி சமமாகவும் ஓரம் சிதறாமலும் இருந்தால் நல்ல தொகுதி.

கருவி மாறினாலும் தச்சரின் சோதனை மாறவில்லை. கையால் அழுத்தினால் பலகை காடிக்குள் இறங்கவேண்டும், இறங்கியபின் ஆடக்கூடாது.