எட்டுப் பாட்டும் ஒன்பதாவதும்

பாப் டிலனின் ரசிகர்கள் இரண்டு பேர் ஓரிடத்தில் கூடி, அவருடைய குரல் இடையில் கெட்டதா, அல்லது ஆதியிலிருந்தே அப்படித்தான் இருந்ததா என்ற பழைய வழக்கை ஒருவாறு பேசி ஓய்ந்த பிறகு, அடுத்தபடியாகக் கையில் எடுக்கிற விஷயம் பெரும்பாலும் 1983-ஆம் வருஷம் வெளிவந்த ‘இன்ஃபிடெல்ஸ்’ என்ற இசைத்தட்டாகத்தான் இருக்கும். எட்டுப் பாட்டுக்கள் கொண்ட அந்தத் தட்டில் எதை எடுத்துவிட்டு எதைச் சேர்த்திருக்க வேண்டும், எதை முதலில் வைத்து எதைக் கடைசிக்குத் தள்ளியிருக்க வேண்டும் என்று நாற்பது வருஷங்களாக விவாதம் நடந்துவருகிறது. ரசிகர் ஒவ்வொருவரிடமும் அவரவர் கையால் திருத்தி அமைத்த ஓர் ‘இன்ஃபிடெல்ஸ்’ இருக்கிறது. டிலன் வெளியிட்டது மட்டும் அவர்களில் அநேகருக்குத் திருப்தியாக இல்லை. நாடகக் கொட்டகையை விட்டு வெளியே வருகிறவன் கடைசி அங்கத்தை மனத்துக்குள் மாற்றி எழுதிக்கொண்டே வீட்டுக்கு நடப்பது உலக வழக்கம்தான் என்றாலும், இங்கே அந்த வழக்கம் ஒரு சாஸ்திரமாகவே வளர்ந்துவிட்டபடியால், அதன் குணதோஷங்களைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

வழக்குக்கு மூலகாரணம் ஒரே ஒரு பாட்டு. 1983-இன் வசந்தத்தில், நியூயார்க் ‘பவர் ஸ்டேஷன்’ ஒலிப்பதிவுக் கூடத்தில், ‘டயர் ஸ்ட்ரெய்ட்ஸ்’ குழுவின் மார்க் நாஃப்ளர் டிலனோடு தயாரிப்புப் பொறுப்பை ஏற்க, ஜமெய்க்காவின் ஸ்லை டன்பார் டிரம்ஸும் ராபி ஷேக்ஸ்பியர் பேஸ் கிதாரும் வாசிக்க, முன்னாளில் ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ குழுவில் இருந்த மிக் டெய்லரும் கிதாரோடு வந்து உட்கார, தட்டுக்கு வேண்டியதைவிட எவ்வளவோ அதிகமான பாட்டுக்கள் பதிவாயின. அவற்றுள் ஒன்று ‘பிளைண்ட் வில்லி மெக்டெல்’. ஜார்ஜியா மாநிலத்துப் பார்வையற்ற புளூஸ் பாடகர் ஒருவரின் பெயரைத் தலைப்பாகக் கொண்டு, அமெரிக்கத் தென்பகுதியின் அடிமைக்காலப் பாவங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போகும் அந்தப் பாட்டை, டிலன் தாமே பியானோ வாசித்து, நாஃப்ளரின் கிதார் ஒன்றையே துணையாகக் கொண்டு பாடியிருக்கிறார். நாஃப்ளர் தம் குழுவின் சுற்றுப்பயணத்துக்குப் புறப்பட்டுப்போன பிறகு, டிலன் மிச்ச வேலையைத் தாமே முடித்தார். தட்டு வெளிவந்தபோது பாட்டு அதில் இல்லை. கள்ளப் பதிவுகளாகக் கைமாறி உலவி, 1991-இல்தான் அது முறைப்படி வெளியாயிற்று. ‘ஃபுட் ஆஃப் பிரைட்’ என்ற இன்னொரு பாட்டுக்கும் இதே கதிதான். 1992-இல் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் டிலனுக்கு எடுத்த விழாவில், அவருடைய புகழ்பெற்ற பாட்டுக்கள் எத்தனையோ இருக்க, லூ ரீட் இந்தத் தள்ளுண்ட பாட்டையே தேர்ந்து பாடினார் என்பது ரசிகர் கட்சிக்கு நல்ல சாட்சி.

இந்தத் திருத்தும் வேலையை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்களோடு நான் சேரமாட்டேன். வரிசையை மாற்றிப் பார்க்கிறவனுக்குத்தான் வரிசை என்று ஒன்று இருப்பதே தெரிகிறது. நானும் ஒரு காலத்தில் 60 நிமிஷக் காஸெட் ஒன்றை வாங்கி, எட்டோடு அந்த இரண்டையும் சேர்த்துப் பதிந்து பார்த்தவன்தான். அசல் தட்டு 42 நிமிஷத்துக்குள் அடங்குகிறது, விடுபட்ட இரண்டும் தலைக்கு ஆறு நிமிஷம், ஆகவே எதையும் வெட்டாமலே பத்தும் இடம்பிடித்துவிட்டன. முதல் பக்கத்தின் முடிவில் மெக்டெல் பாட்டை வைத்தேன். அது ஓய்ந்ததும் வெறும் நாடா சிறிது நேரம் ஓடி, விசை டக்கென்று எழும்பும் வரையில் அறையில் நிலவிய நிசப்தம் பாட்டுக்கு வெகு பொருத்தமாக இருந்தது. ஆனால் காஸெட்டைத் திருப்பிப் போட்டு, ‘மேன் ஆஃப் பீஸ்’ ஆரவாரத்தோடு கிளம்பியதும், துக்க வீட்டு வாசலில் பாண்டு வாத்தியம் வந்து நின்றாற்போல் ஆயிற்று. சரி என்று மெக்டெல் பாட்டை இரண்டாம் பக்கத்தின் கடைசிக்குக் கொண்டுபோனேன். அங்கேயோ, அதற்கு முன்னால் வரும் காதல் பாட்டைக் காதில் விழாதபடி அது விழுங்கிவிட்டது. மூன்று நாள் பட்ட பாட்டில் எனக்குத் தெளிவானது இதுதான்: பாட்டை விட்டதற்கு இடப் பற்றாக்குறை காரணம் அல்ல. அசல் தட்டின் முதல் பக்கம் 19 நிமிஷத்தைக்கூட எட்டவில்லை. ஒலியின் உரப்பு சிறிது குறைந்தாலும் பாதகமில்லை என்று எண்ணியிருந்தால், இன்னும் ஆறு நிமிஷத்தை அந்தப் பக்கமே தாங்கியிருக்கும். டிலன் வேண்டுமென்றே விட்டார் என்பதைக் கேள்விப்பட்டு அறிவது ஒன்று, கைவேலையாகச் செய்து பார்த்து அறிவது வேறு.

இதைவிட உறுதியான ஆதாரத்தோடு நடக்கும் வழக்கும் ஒன்று உண்டு. 1974 செப்டம்பரில் நியூயார்க்கில் ‘பிளட் ஆன் தி டிராக்ஸ்’ பதிவாகி, சோதனைத் தட்டும் அச்சாகிவிட்ட நிலையில், சகோதரர் சொன்ன யோசனையைக் கேட்டு, டிலன் அந்த டிசம்பரில் மினியாபொலிஸ் நகரத்து வாத்தியக்காரர்களை வைத்துக்கொண்டு, பத்துப் பாட்டில் ஐந்தைத் திரும்பப் பதிந்தார். உறை முன்கூட்டியே அச்சாகிவிட்டதால் அந்த வாத்தியக்காரர்களின் பெயர்கூட அதில் இடம்பெறவில்லை. நியூயார்க் பிரதியில் ‘இடியட் விண்ட்’ மனம் நொந்த ஒருவன் இருட்டில் தனக்குத்தானே பேசிக்கொள்வது போல் இருக்கிறது. மினியாபொலிஸ் பிரதியில் அதே பாட்டு எதிராளியின் கதவைத் தட்டிச் சண்டைக்கு அழைக்கிறது. ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறிக்கும் பதிப்பாசிரியருக்கு எவ்வளவு கௌரவம் உண்டோ, அவ்வளவும் இவ்விரண்டையும் மாறிமாறிக் கேட்டு வாதாடுகிற ரசிகருக்கும் உரியது. ஏனென்றால் இரண்டு பிரதியும் ஆசிரியர் கையால் ஆனவை. 2018-இல் நியூயார்க் பதிவுகள் முழுவதும், மறு வருஷம் அந்தச் சோதனைத் தட்டும் வெளியானதற்கு, இந்த ரசிகர்கள் பல்லாண்டுக் காலம் தணியவிடாமல் வளர்த்த ஆவலும் ஒரு காரணம் என்றே எண்ணுகிறேன்.

ரசிகரின் ‘இன்ஃபிடெல்ஸ்’ அந்த ஜாதியைச் சேர்ந்தது அல்ல. அது எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அதை அமைக்கிறவர்கள் எதைச் சேர்க்கிறார்கள் என்பதை எல்லாரும் பேசுகிறார்கள். எதைத் தள்ளுகிறார்கள் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். தள்ளுபடியாவது பெரும்பாலும் இரண்டு பாட்டுக்கள். ஒன்று ‘நெய்பர்ஹுட் புல்லி’. 1982-இல் லெபனான் படையெடுப்பு நடந்து, உலகம் இஸ்ரேலைக் கண்டித்துக்கொண்டிருந்த வேளையில் அந்த நாட்டுக்கு வக்காலத்து வாங்கும் பாட்டு. மற்றொன்று ‘யூனியன் சன்டவுன்’. அமெரிக்கத் தொழிலாளியின் பிழைப்பு வெளிநாட்டுச் சரக்கால் போயிற்று என்று உரக்கக் கத்தும் பாட்டு. இரண்டும் மட்டமான பாட்டுக்கள் என்று ரசிகர் சொல்லுகிறார். இரண்டாவதைப் பற்றி எனக்கும் அதே அபிப்ராயம்தான். ஆனால் முதலாவதில் டெய்லரின் கிதாரும் ஷேக்ஸ்பியரின் பேஸும் ஓடுகிற வேகத்தைக் கேட்ட எவரும் சங்கீதக் குறைவால் அது தள்ளப்படுகிறது என்று ஒப்புவது கஷ்டம். அதன் அரசியல் எனக்கும் உடன்பாடானது அல்ல; அந்தக் காரணத்தாலேயே அது இருந்த இடத்தில் இருக்கவேண்டும் என்கிறேன். தமக்குச் சம்மதமில்லாத கட்சியைப் பேசுகிற டிலனை ஓசைப்படாமல் அகற்றிவிட்டு, அடிமைமுறையை நினைத்து உருகும் டிலனை அவ்விடத்தில் அமர்த்துகிற ரசிகர், அந்தக் காரியத்துக்கு ரசனை என்று பெயர் சூட்டிக்கொள்கிறார்.

அடுத்த தோஷம் காலத்தைப் பற்றியது. 1997-இல் வந்த ‘டைம் அவுட் ஆஃப் மைண்ட்’ தட்டிலும் ‘மிஸிஸிப்பி’ என்ற பாட்டு விடுபட்டது. ரசிகர்கள் வழக்கம்போல் அதை அங்கே செருகிப் பார்க்கிறார்கள். தயாரிப்பாளர் டேனியல் லான்வாவோடு அந்தப் பாட்டைக் குறித்து அபிப்ராய பேதம் ஏற்பட்டு, டிலன் அதை எடுத்துவைத்துக்கொண்டார். 2001-இல் தம்முடன் மேடையில் வாசிக்கும் குழுவைக் கொண்டு, தாமே தயாரிப்பாளராக இருந்து, ‘லவ் அண்ட் தெஃப்ட்’ தட்டுக்கு அதைப் பதிந்தார். பழைய பதிவுகள் 2008-இல் வெளிவந்தபோது ஒப்பிட்டுக் கேட்டேன். அவை அழகானவைதான், ஆனால் தோல்வியைச் சிரித்த முகத்தோடு ஏற்கிற ஒரு மனிதனின் கம்பீரம் 2001-ஆம் வருஷத்துப் பதிவில்தான் இருக்கிறது. முந்திய தட்டிலேயே அதைச் சேர்த்திருந்தால் பிந்தியது பிறந்திராது. செருகுகிறவர்கள் இந்த நஷ்டத்தைக் கணக்கில் எழுதுவதில்லை.

மெக்டெல் பாட்டிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. டன்பாரும் ஷேக்ஸ்பியரும் போட்ட தாளத்தின் மேல் நிற்கிற தட்டில், ரசிகர் கொண்டுவந்து வைப்பது பியானோவும் கிதாரும் மட்டும் உள்ள பதிவு. முழுக் குழுவும் வாசித்த பதிவு 2021-இல்தான் ‘பூட்லெக் சீரிஸ்’ பதினாறாம் தொகுதியில் வெளியாயிற்று. தட்டில் இடம்பெற்றிருந்தால் அதுவே இடம்பெற்றிருக்கும் என்பது என் ஊகம். அதுவோ பியானோப் பதிவின் பாதி வலிமையும் இல்லாதது. அது முழுமை பெறாத பாட்டு, வாத்தியக்காரர்களுக்கு வழிகாட்டப் பாடிவைத்ததாக இருக்கலாம் என்று டிலனே 2006-இல் ஒரு பேட்டியில் சொன்னபோது ரசிகர்கள் சிரித்தார்கள். குழுப் பதிவைக் கேட்ட பிறகு எனக்கு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

‘ஷாட் ஆஃப் லவ்’ தட்டில் முதலில் இல்லாத ‘தி க்ரூம்ஸ் ஸ்டில் வெயிட்டிங் அட் தி ஆல்டர்’ பின்னால் 1985-இல் சேர்க்கப்பட்டதே, தட்டை வெளியிட்டவர்கள் செய்யலாம் நாங்கள் செய்யலாகாதா என்று ரசிகர் கேட்கலாம். தாராளமாகச் செய்யலாம். நான் வேண்டுவது ஒன்றுதான்: திருத்திய வரிசையை எழுதிக் காட்டுகிறவர், தள்ளிய பாட்டுக்கள் எவை, என்ன காரணத்தால் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். பாதி வரிசைகள் அந்தக் கேள்வியிலேயே கலைந்துபோகும். கலையாத பாதியை நானும் உட்கார்ந்து கேட்பேன்.

மெக்டெல் பாட்டை ‘தி பேண்ட்’ குழு 1993-இல் தன் ‘ஜெரிகோ’ தட்டில் பாடியது. அதைக் கேட்டுத்தான் டிலன் தாமும் மேடையில் பாடத் தொடங்கினார், 1997-இல். ‘இன்ஃபிடெல்ஸ்’ இன்றைக்கும் எட்டுப் பாட்டோடுதான் விற்கிறது.