நாற்பது நிமிடத்தில் ஒரு புதையல்

மகளை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு வெளியே வந்தேன். வகுப்பு முடிய நாற்பது நிமிடம் இருந்தது. வழக்கமாக எதிரே உள்ள காப்பிக்கடையில் ஒரு தே ஓ வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அன்று, முதல் நாள் இரவு கைப்பேசியில் இறக்கி வைத்திருந்த செயலியைச் சும்மா திறந்தேன். நான் நின்ற இடம் நீலப் புள்ளியாகத் தெரிந்தது. அதிலிருந்து 212 மீட்டர் தள்ளி, வாரந்தோறும் நான் நடந்துபோகும் பாதையின் ஓரத்தில், பச்சையாக ஒரு குறி! இருபதாவது நிமிடத்தில், சுண்டு விரல் அளவு உலோகக் குழாயிலிருந்து ஒரு காகிதச் சுருளை உருவி, அதில் என் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். ஈரத் தலையோடு வெளியே வந்த மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏன்ப்பா இப்படிச் சிரிக்கிறீங்க?” என்றாள். இது நடந்தது 2019-இல். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குக் குறையவில்லை.

ஜியோகேச்சிங் தெரியாதவர்களுக்கு நான் சொல்லும் கதை இதுதான். இடம் காட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் சமிக்ஞை பொதுமக்களுக்குத் துல்லியமாகக் கிடைக்காதபடி அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலங்கடித்து வைத்திருந்தது. 100 மீட்டர் வரைகூடப் பிசகும். 2000-ஆம் ஆண்டு மே தொடக்கத்தில், அன்றைய அதிபர் கிளின்டன் உத்தரவுப்படி அந்தக் கலக்கலை நிறுத்தினார்கள். மறுநாளே, மே 3 அன்று, ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியில் சில பொருள்களைப் போட்டு மறைத்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிட்டார். மூன்றே நாளில் அதை முன்பின் தெரியாதவர்கள் தேடிப் பிடித்துவிட்டார்கள். இன்று உலகம் முழுவதும் முப்பது லட்சத்துக்கும் மேல் பெட்டிகள் இருக்கின்றன. தேடு, கண்டுபிடி, பெயரை எழுது, எடுத்த இடத்திலேயே வை. அவ்வளவுதான் ஆட்டம்.

2009-இல் நான் இந்த ஆட்டத்துக்கு வந்தபோது ஒரு மஞ்சள் நிறக் கையடக்க ஜி.பி.எஸ். கருவி வாங்கினேன். பத்து வருடம் அது எனக்கு உழைத்தது. ஆனால் அந்தக் காலத்து வேட்டை எப்படி இருந்தது தெரியுமா? சனிக்கிழமை இரவே கணினி முன் உட்கார்ந்து நாளைக்கு எந்தப் பத்துப் பெட்டி என்று முடிவுசெய்ய வேண்டும். குறிப்புகளைத் தாளில் அச்சடிக்க வேண்டும். பிறகு எண்களைப் பொத்தான் பொத்தானாக அழுத்திக் கருவிக்குள் ஏற்ற வேண்டும். பாகை, நிமிடம், நிமிடத்துக்குப் பின் மூன்று தசமம். கடைசித் தசமத்தில் ஓர் எண் தவறினால் இரண்டு மீட்டர்கூட இல்லை. முதல் தசமத்தில் தவறினால் 185 மீட்டர்! புலாவ் உபின் தீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 6 இருக்க வேண்டிய இடத்தில் 9 ஏறிவிட்டது. அரைக் கிலோமீட்டர் தள்ளி வேறொரு புதரைக் காலை முழுவதும் கிளறினேன்.

இப்போது எண்ணையே கையால் தொடுவதில்லை. தட்டினால் அம்பு காட்டுகிறது. அது மட்டும் என்றால் இவ்வளவு ஆரவாரம் செய்யமாட்டேன். கைப்பேசியின் உண்மையான மகிமை, பெட்டியைச் சுற்றியுள்ள பேச்சு முழுவதையும் காட்டுக்குள்ளேயே கொண்டுவந்து கொடுப்பதில் இருக்கிறது. மறைத்தவர் எழுதிய இடவரலாறு, சிரமம் ஐந்துக்கு எத்தனை, பாதை ஐந்துக்கு எத்தனை, முன்பு வந்தவர்களின் படங்கள் எல்லாம் கையில். பெட்டிக்கான துப்பை எழுத்து மாற்றிப் பூட்டி வைப்பது இந்த ஆட்டத்தின் மரபு. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் பதின்மூன்று இடம் தள்ளியிருக்கும். முன்பு கொசுக்கடிக்கு நடுவே பென்சிலால் அதை ஒவ்வொன்றாக அவிழ்ப்பேன். இப்போது ஒரு தட்டு.

போன வாரம் வந்தவர் என்ன எழுதியிருக்கிறார் என்று அங்கேயே நின்று படிக்கலாம், அதுதான் பொக்கிஷம். “மழையில் பெட்டி கீழே விழுந்திருந்தது, வேருக்குள் வைத்திருக்கிறேன்” என்று ஒருவர். “இடப்பக்கக் கிளையில் முசுறு கூடு, கை வைக்காதீர்கள்” என்று இன்னொருவர். அந்தக் கிளையை நோக்கி என் மகளின் கை போய்க்கொண்டிருந்தது! முகம் தெரியாத அந்த மனிதருக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். நாலு பேர் வரிசையாக ‘கிடைக்கவில்லை’ என்று எழுதியிருந்தால் பெட்டி தொலைந்துபோயிருக்கும் என்று புரிந்துகொண்டு அடுத்ததற்கு நடந்துவிடலாம். மஞ்சள் கருவியோடு போன நாட்களில் இல்லாத பெட்டியை ஒரு மணி நேரம் தேடிவிட்டு, வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் விஷயம் தெரியும்.

“துல்லியம்?” என்று பழைய கூட்டாளிகள் கேட்பார்கள். நானும் அதே சந்தேகத்தோடுதான் பத்து வருடம் இருந்தேன். தெலுக் பிளாங்கா குன்றின் காட்டுப் பாதையில் ஒரு கையில் மஞ்சள் கருவி, ஒரு கையில் கைப்பேசி என்று நடந்து பார்த்தேன். வெட்டவெளியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே புள்ளியில் நின்றன. அடர்ந்த மரத்தடியில் இரண்டும் அலைந்தன. திறந்த வானத்தின் கீழ் கைப்பேசிகள் பொதுவாக ஐந்து மீட்டருக்குள் காட்டும். அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் மட்டுமல்லாமல் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ எல்லாவற்றையும் கேட்கின்றன. 2018 முதல் இரட்டை அலைவரிசைக் கைப்பேசிகளும் வந்துவிட்டன. உயரமான கட்டடங்களில் பட்டுத் திரும்பும் சமிக்ஞையில் அவை அவ்வளவாக ஏமாறுவதில்லை. தவிர, பெட்டியை வைத்தவரின் கருவியும் சில மீட்டர் பிசகியிருக்கும். எந்தக் கருவி வைத்திருந்தாலும் கடைசி ஐந்து மீட்டர் கண்ணுக்கும் விரலுக்கும்தான் சொந்தம்.

வேகம் இன்னொரு அதிசயம். செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில்தான் ஒலிபரப்பும். நெடுநாள் அணைந்து கிடந்த பழைய கருவி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிமிடக்கணக்கில் நிற்பது அதனால்தான். கைப்பேசி அந்த விவரத்தைத் தொலைபேசி வலையமைப்பிலிருந்தே வாங்கிக்கொண்டு சில நொடிகளில் தயாராகிவிடுகிறது. நீச்சல் வகுப்பு இடைவெளியில் புதையல் எடுக்க முடிந்தது இதனால்தான்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இன்னொரு பெரிய வசதி. ஆட்டம் தெரியாதவர்களை நாங்கள் ஹாரி பாட்டர் கதையிலிருந்து எடுத்து ‘மகிள்’ என்போம். அவர்கள் கண்ணில் படாமல் பெட்டியை எடுக்க வேண்டும். மஞ்சள் கருவியோடு வீவக அடுக்குமாடி புளோக் ஓரத்தில் நின்றால் நாலு பேர் வந்து விசாரிப்பார்கள். கைப்பேசியைப் பார்த்தபடி நிற்கும் மனிதரை இந்த ஊரில் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

மழையில் திரை சொன்னபடி கேட்காது, உண்மை. மின்கலமும் சீக்கிரம் இறங்கும். ஒரு ஜிப் பையும் பவர் பேங்கும் இருந்தால் தீர்ந்தது. காட்டுக்குள் சமிக்ஞை இல்லாவிட்டால் என்ன செய்வது என்று பயப்படுபவர்கள், கிளம்புமுன் வரைபடத்தையும் பெட்டி விவரங்களையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். பல நாள் மலையேற்றத்துக்குப் போகிறவர் கையடக்கக் கருவி வைத்துக்கொள்ளட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. மற்ற எல்லோருக்கும் கைப்பேசியே போதும். போதும் என்ன, அதுதான் மேல்!

போன மாதம் மகளும் நானும் 2011-இல் ரயில் நின்றுபோன பழைய பாதையில், புக்கிட் தீமாவின் இரும்புப் பாலத்தருகே நடந்தோம். வழியில் ஓர் உடும்பு எங்களைப் பொருட்படுத்தாமல் குறுக்கே போனது. அவள் கையில் கைப்பேசி, பின்னால் நான். “பதினோரு மீட்டர்ப்பா… ஏழு… நாலு… போனை உள்ள வச்சிடறேன், இனிமே நானே தேடுறேன்” என்றாள். ஒரு கல்லை அவள் புரட்டியபோது டப்பா சத்தம் கேட்டது.

உங்கள் கைப்பேசியில் இப்போதே ஜியோகேச்சிங் செயலியை இறக்கி, அதன் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். அடிப்படைக் கணக்கு இலவசம். ஆண்ட்ராய்டில் சி:ஜியோ என்ற செயலியும் இலவசம். இன்று மாலை நடக்கப் போகும்போது மறக்காமல் ஒரு பேனா எடுத்துக்கொள்ளுங்கள், பல பெட்டிகளுக்குள் பேனா இருக்காது.