செத்தவர் சொன்ன கதை

நியூயார்க் மாஃபியா தலைவர் லக்கி லூசியானோ 1962-ல் நேப்பிள்ஸ் விமான நிலையத்தில் மாரடைப்பில் செத்துப்போனார். 1975-ல் 'தி லாஸ்ட் டெஸ்டமென்ட் ஆஃப் லக்கி லூசியானோ' வந்தது. அவரே சொல்லச் சொல்லக் கேட்டு எழுதினதாம். எடுத்தால் கீழே வைக்க முடியாத விறுவிறுப்பு. ஒரே சிக்கல், தான் இறந்தபின் நடந்ததையும் மனுஷர் விவரிக்கிறார். ஜெயிலில் இருந்த காலத்தில் வெளியே நடந்த கூட்டங்களிலும் கலந்துகொள்கிறார்! புத்தகம் வருமுன்பே, 1974-ல், நியூயார்க் டைம்ஸ் இதையெல்லாம் தோண்டி எடுத்துப் போட்டுவிட்டது. அப்படியும் அச்சேறியது. செத்தவர் மானநஷ்ட வழக்குப் போடமாட்டார் அல்லவா?

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? அச்சேறிய பொய்தான் அடுத்த புத்தகத்துக்கு ஆதாரம். கொலையுண்டவனின் பிள்ளைகள் படிக்கப்போவதும் அதைத்தான். அடுத்த தாதா புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'இது உமக்கு எப்படிய்யா தெரியும்?'