வாத்தியாரும் அவர் வாரிசுகளும்

கோப்பைகளை எண்ணுகிறவர்களுக்கு ஜெல்கோ ஒப்ராடோவிச் வசதியான ஆள். ஐரோப்பாவின் உச்சக் கூடைப்பந்துக் கிளப் கோப்பையை, இன்று யூரோலீக் என்று வழங்குவதை, பயிற்சியாளராக 9 முறை வென்றிருக்கிறார். ஐந்து கிளப்புகள், நாலு நாடுகள். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த எண்ணில் தொடங்கி இந்த எண்ணிலேயே முடித்துவிடுகிறார்கள். என்னை உறுத்துவது வேறொன்று. 1991 கோடையில், யூகோஸ்லாவியத் தேசிய அணியின் பயிற்சி முகாமில் இருந்த 31 வயது ஆட்டக்காரர் ஒருவரிடம், நாட்டின் பெரிய கிளப்புகளில் ஒன்றைக் கொண்டுபோய் ஒப்படைத்தார்கள். அதற்கு முன் அவர் ஒரு சின்னப் பையன்கள் அணிக்குக்கூடப் பயிற்சியாளராக இருந்ததில்லை. இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது?

பதிலுக்கு 1950க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு அர்ஜென்டினாவில் நடந்த முதல் உலகப் போட்டியில் யூகோஸ்லாவியா 10 அணிகளில் கடைசி. அந்த அணியில் ஆடிய நாலு பேரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: நெபோய்ஷா பொபோவிச், போரா ஸ்டான்கோவிச், ரடோமிர் ஷாபர், அலெக்சாண்டர் நிகோலிச். (செர்பியப் பெயர்களின் 'இச்'களை வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும், இனிமேலும் நிறைய வரும்.) உதைபட்டுத் திரும்பிய இவர்கள் கூடைப்பந்தை விளையாட்டாக விடாமல் பாடமாக்கினார்கள். ஸ்டான்கோவிச் பின்னாளில் உலகக் கூட்டமைப்பான ஃபீபாவின் பொதுச்செயலாளராகி 2002 வரை அந்த நாற்காலியில் இருந்தார். நிகோலிச்சுக்கு 'ப்ரொஃபசர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. நம் வாய்க்கு வாத்தியார். இத்தாலியின் வரேசே கிளப்புக்கு 1970, 72, 73 என மூன்று ஐரோப்பியக் கோப்பைகளும், 1978இல் மணிலாவில் நாட்டுக்கு உலகக் கோப்பையும் வாங்கித் தந்த வாத்தியார்.

அவர் வழிவந்த பாடத்திட்டத்தில் மாயம் எதுவும் இல்லை. கால் வைப்பு, கைமாற்று, வீச்சு. நாள் முழுக்க அதே. மற்ற ஊர்களில் உயரமான பையனைக் கூடைக்கு அடியில் நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே அவனும் குட்டையானவனுக்கு உரிய வேலையைக் கற்க வேண்டும். இன்று அமெரிக்காவில் ஆடும் செர்பியர் நிகோலா யோகிச் அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே பந்தைக் கைமாற்றும்போது அமெரிக்கர்கள் வியக்கிறார்கள். அவர் தனிப் பிறவி என்பது உண்மைதான். ஆனால் உயரமானவனும் கைமாற்றலாம் என்பது அங்கே பழைய பாடம்.

ஒப்ராடோவிச் 1960 மார்ச் 9 அன்று சாச்சாக் என்ற ஊரில் பிறந்தார். சின்ன ஊர், ஆனால் கூடைப்பந்துப் பைத்தியம் பிடித்த ஊர். உள்ளூர் போராட்ஸ் கிளப்பில் ஆடினார். 1984இல் பெல்கிரேடின் பார்ட்டிசானுக்குப் போனார். பாயின்ட் கார்டு: பந்தை மேலே கொண்டுவந்து, யார் எங்கே ஓட வேண்டும் என்று சொல்கிற ஆள். 1988 சியோல் ஒலிம்பிக் வெள்ளி, 1990 உலகக் கோப்பைத் தங்கம் இரண்டிலும் அணியில் இருந்தார். ஆனால் டிராசன் பெட்ரோவிச்சும் டோனி குகோச்சும் ஆடிய கூட்டத்தில் அவர் நட்சத்திரம் அல்ல. அதுவே நல்லதாயிற்று என்பது என் எண்ணம். பெரும் ஆட்டக்காரனுக்குத் தான் எப்படிச் செய்தோம் என்று விளக்கத் தெரியாது. கணக்குப் போட்டுப் பிழைத்தவனுக்குத்தான் கணக்கைச் சொல்லிக்கொடுக்கத் தெரியும். பயிற்சியாளராகப் பேரெடுத்த ஸ்வெட்டிஸ்லாவ் பெஷிச்சும் சாஷா ஜோர்ஜெவிச்சும் இதே பாயின்ட் கார்டு இடத்தில் ஆடியவர்கள்.

பார்ட்டிசான் நிர்வாகத்தில் அப்போது இருந்தவர் டிராகன் கிச்சானோவிச், அவரும் சாச்சாக்காரர். அவர் கூப்பிட்டார், ஒப்ராடோவிச் முகாமை விட்டு வந்தார். அவர் இல்லாமல் ரோமுக்குப் போன யூகோஸ்லாவிய அணி ஐரோப்பியப் பட்டம் வென்றது. போட்டி நடந்துகொண்டிருந்தபோதே, ஜூன் 25 அன்று, ஸ்லோவேனியா சுதந்திரம் அறிவிக்க, ஸ்லோவேனிய ஆட்டக்காரர் யூரே ஸ்டோவ்ட்ஸ் பாதியில் அணியை விட்டுக் கிளம்பினார். பழைய யூகோஸ்லாவியாவின் கடைசி அணி அது. ஆட்டக்காரன் வேலையை விட்ட கையோடு, ஆடிய நாடும் கலைந்துபோனது.

போர் மூண்டதால் யூகோஸ்லாவிய கிளப்புகள் சொந்த ஊரில் ஐரோப்பிய ஆட்டம் ஆடக் கூடாது என்றாயிற்று. பார்ட்டிசானுக்குக் கிடைத்த 'சொந்த மைதானம்' மாட்ரிட்டுக்குத் தெற்கே ஃபுயன்லப்ராடா என்ற தொழிலாளர் புறநகர். அந்த ஊர்க்காரர்கள் இந்த அந்நியப் பையன்களைத் தத்தெடுத்துக்கொண்டார்கள். அந்தப் பருவத்தில் பெல்கிரேடில் நடந்தது ஒரே ஒரு ஆட்டம், காலிறுதியில் பொலோன்யா கிளப்புக்கு எதிராக. வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாத இளம் அணி: ஜோர்ஜெவிச், டானிலோவிச், ரெப்ராச்சா. புதுப் பயிற்சியாளரின் பக்கத்தில் ஆலோசகராக, அறுபது வயதுகளின் பிற்பகுதியில் இருந்த நிகோலிச். அந்தத் துணிச்சலின் விளக்கம் இதுதான். தனி ஆளை நம்பிக் கொடுக்கவில்லை. வாத்தியார் கூடவே இருக்கிற தைரியத்தில் சீடனை உட்கார வைத்தார்கள்.

1992 ஏப்ரல் 16, இஸ்தான்புல், இறுதி ஆட்டம். படலோனாவின் ஜொவென்டுட் கிளப்பின் டோமாஸ் ஜொஃப்ரேசா கூடை போட்டு 70-68 ஆக்குகிறார். மிச்சம் சில வினாடிகள். டைம் அவுட் இல்லை. பார்ட்டிசானின் கோப்ரிவிட்சா எல்லைக்கு வெளியிலிருந்து பந்தைத் தருகிறார். ஜோர்ஜெவிச் வாங்கி வலது ஓரமாக ஆடுகளத்தின் முழு நீளத்தையும் ஓடுகிறார். கூடைக்கு அருகே போய்ச் சமன் செய்யலாம். செய்யவில்லை. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே உடம்பு இன்னும் முன்னால் சரிந்துகொண்டிருக்கும்போதே, எதிராளியின் கைக்கு மேலாக எறிகிறார். 71-70. சில வாரங்களில் ஐ.நா. தடை வந்து, அடுத்த பருவம் சாம்பியன் அணிக்கு ஐரோப்பாவே மூடிவிட்டது.

1993இல் ஒப்ராடோவிச்சை வேலைக்கு எடுத்தவர்கள், யாரிடம் தோற்றார்களோ அவரையே தேடிப்போன ஜொவென்டுட்காரர்கள். 1994இல் டெல் அவிவ் இறுதியில் ஒலிம்பியாகோஸை 59-57 என்று வென்றார்கள். கோர்னி தாம்சன் மூன்று புள்ளி அடிக்க, மறுபக்கம் கடைசி நேரத்தில் ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டவர் ஜார்கோ பஸ்பாலி, ஒப்ராடோவிச்சின் பழைய பார்ட்டிசான் தோழர். அடுத்த ஆண்டு ரியல் மாட்ரிட். பிறகு ஏதென்ஸில் பனாதினாய்கோஸ், 13 ஆண்டுகள், ஐந்து கோப்பைகள். 2017இல் இஸ்தான்புல் ஃபெனர்பாச்சேயோடு ஒன்பதாவது.

டைம் அவுட்டில் அவரைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, செர்பிய வாடை வீசும் ஆங்கிலத்தில் வசவு. தொலைக்காட்சிக்கு அது தீனி. இவர் வெறும் கத்தல்காரர் என்று முடிவு கட்டுகிறவர்கள் அவர் கையிலிருக்கும் சிறு பலகையைப் பார்ப்பதில்லை. கத்தி முடித்த அடுத்த கணமே குரல் இறங்கி, மார்க்கரால் இரண்டு கோடு, ஒரு அம்புக்குறி. யார் முதலில் நகர வேண்டும் என்பது மட்டும்தான் பேச்சு.

அவர் தோற்ற இடமும் உண்டு. 2005இல் சொந்த மண்ணில் நடந்த ஐரோப்பியப் போட்டி. அவர் பயிற்றுவித்த, நட்சத்திரங்கள் நிறைந்த செர்பியா-மான்டினெக்ரோ அணி பிரான்சிடம் தோற்று வெளியேறியது. ஆட்டக்காரர்களுக்குள் ஒருவரையொருவர் பிடிக்காது என்று நிருபர்கள் முன்னால் அவர் போட்டு உடைத்தார். கிளப்பில் ஆண்டு முழுக்கத் தேய்த்துத் தேய்த்து வளைக்கிற கலை, சில வாரத் தேசிய முகாமில் எடுபடவில்லை. இத்தனைக்கும் தேசிய அணியோடு 1997 ஐரோப்பியப் பட்டத்தையும் 1998 உலகக் கோப்பையையும் வென்ற அதே கைதான்.

பனாதினாய்கோஸில் அவருக்கு உதவியாளராக இருந்த கிரேக்கர் டிமிட்ரிஸ் இடூடிஸ், 2016 பெர்லின் இறுதியில் மாஸ்கோவின் சிஎஸ்கேஏ அணியோடு வந்து, கூடுதல் நேரத்தில் குருவின் ஃபெனர்பாச்சேயை 101-96 என்று சாய்த்தார். 2009இல் அவரிடம் ஆடிக் கோப்பை வென்ற லித்துவேனியர் யாசிகேவிசியஸ், 2025இல் அதே ஃபெனர்பாச்சேயைப் பயிற்றுவித்து யூரோலீக் வென்றார். பாடம் செர்பிய மொழியை விட்டு எப்போதோ வெளியேறிவிட்டது.

2021இல், 61 வயதில், ஒப்ராடோவிச் பார்ட்டிசானுக்குத் திரும்பினார். 2023 யூரோலீக் காலிறுதியில் ரியல் மாட்ரிட்டை அவர்கள் ஊரிலேயே முதல் இரண்டு ஆட்டங்களில் வீழ்த்தியது பார்ட்டிசான். இரண்டாவது ஆட்டம் கைகலப்பில் முடிந்தது. பிறகு பெல்கிரேடில் இரண்டும் தோல்வி. ஐந்தாவது ஆட்டத்துக்கு மறுபடி மாட்ரிட், அதுவும் கைநழுவியது. அந்த அரங்கிலிருந்து ஃபுயன்லப்ராடா சுமார் 20 கிலோமீட்டர்.